பியர்ஸ் ப்ளவ்மேன் முதல் தடவை படிக்கறவங்களுக்கு: லேடி மீட் வழக்குல இருந்து ஆரம்பிங்க

14ம் நூற்றாண்டு இங்கிலாந்துல வில்லியம் லாங்லண்ட் எழுதுன பியர்ஸ் ப்ளவ்மேன்ங்கற நீளக் கவிதையை ஆசையா எடுத்து பத்து பக்கத்துலயே மூடி வெச்சவங்க நிறைய பேர். அவங்க மேல தப்பே இல்ல, ஏன்னா கவிதை அப்படி. கனவுக்குள்ள கனவு வரும், நடுநடுவுல லத்தீன் வரும், பொறாமை பசி மனசாட்சின்னு குணமெல்லாம் ஆளா எழுந்து வந்து பேசும், பேரைக் குடுத்த பியர்ஸ்ங்கற உழவனோ 5வது பகுதில பாதிக்கு மேல போனப்புறம்தான் தலையே காட்டுவான். முதல் வரில இருந்து வரிசையா முடிச்சிடலாம்னு உக்காராதீங்க. ஆனா உள்ள ஒரு வழக்கு இருக்கு, லேடி மீட்னு ஒரு சீமாட்டியை (மீட்னா வெகுமதி, லஞ்சம்னு ரெண்டு அர்த்தமும் உண்டு) ராஜா சபைல நிறுத்தி நடத்தற வழக்கு, 2, 3, 4ன்னு மூணு பகுதி, மொத்தமா ஏறக்குறைய 800 வரி. அதைத் தனியாவே எடுத்துப் படிக்கலாம். கதை ஓடும், சிரிப்பு வரும், அதிகாரத்துல இருக்கறவன் எப்படி விலை போறான்ங்கறதை இவ்வளவு விலாவாரியா எழுதுன பழைய கவிதைங்க ரொம்பக் கம்மி.

முதல்ல எந்தப் பிரதின்னு பாத்துக்கோங்க

இந்தக் கவிதை ஒண்ணு இல்ல, மூணு. லாங்லண்ட் வாழ்க்கை பூரா இதையே திருத்தித் திருத்தி எழுதியிருக்காரு. 19ம் நூற்றாண்டுல ஸ்கீட்னு ஒரு அறிஞர் கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் ஒப்பிட்டுப் பாத்து ஏ, பி, சின்னு பிரிச்சாரு, இன்னைக்கும் எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொல்றோம். கையெழுத்துப் பிரதிங்க மட்டும் 50க்கு மேல கிடைச்சிருக்கு. புதுசா வர்றவங்க பி எடுங்க, முன்னுரையும் 20 பகுதியுமா 7000 வரிக்கு மேல போகும், நமக்கு வேண்டிய வழக்கு அதுலதான் நல்ல சூடா இருக்கு. ஏ சின்னது, பாதில நின்ன மாதிரி இருக்கும். சி பிரதில மீட் வழக்குக்கு நடுவுல இலக்கண விதியை வெச்சு ஒரு நீளமான விளக்கம் வேற சேத்திருக்காரு, அதுல மாட்டுனா தூக்கம்தான் வரும், பிறகு பாத்துக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் பாஸஸ்னு பேரு, புக்குல அந்தப் பேரைப் பாத்து மிரள வேணாம்.

பழைய இங்கிலீஷை நேரடியா படிக்க முடியலன்னா டொனால்ட்சன் செஞ்ச இன்றைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு நல்லாருக்கும், நார்ட்டன் பதிப்புல ஒரு பக்கம் மூலமும் எதிர்ப் பக்கம் மொழிபெயர்ப்புமா வருது. முதல் தடவை மொழிபெயர்ப்புப் பக்கத்தை மட்டும் படிங்க. மூலத்துல ஷ்மிட் பதிப்பு எடுத்தீங்கன்னா அடிக்குறிப்பு, சொல் விளக்கம் எல்லாம் கிடைக்கும், ஆனா அது ரெண்டாவது ரவுண்டுக்கு.

ஒரு வரியாவது சத்தமா படிங்க

இதுல இயைபு மாதிரி கடைசி ஓசை ஒத்துப்போகாது. நம்ம மோனை மாதிரி சொல்லோட முதல் ஓசைதான் திரும்பத் திரும்ப வரும். முதல் வரியையே எடுத்துக்கோங்க, “இன் எ ஸொமர் ஸேஸன், ஹ்வான் ஸொஃப்ட வாஸ் த ஸொன்ன”, ஒரு கோடைக் காலத்துல வெயில் இதமா இருந்தப்போன்னு அர்த்தம். வரி நடுவுல ஒரு நிறுத்தம், பெரும்பாலும் முதல் பாதில ரெண்டு அழுத்தம், ரெண்டாவது பாதில ஒண்ணு ஒரே ஓசைல விழும். இதைப் பழகிட்டா திட்டற இடமெல்லாம் காதுல நல்லாக் கேக்கும், மனசாட்சி மீட்டைத் திட்டும்போது வரிங்க கல்லெறியற மாதிரியே விழுது.

காலத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சா போதும்

1348-49ல கொள்ளை நோய் வந்து ஊருக்கு ஊர் செத்துப்போனாங்க, ஆள் பஞ்சம் வந்துச்சு, கூலி ஏறுச்சு, ஏறக்கூடாதுன்னு 1351ல சட்டம் போட்டாங்க. பிரான்ஸோட சண்டை வேற வருஷக்கணக்கா இழுத்துட்டு இருக்கு. மூணாம் எட்வர்ட் ராஜா. 1350ல ராஜாவோட தலைமை நீதிபதி வில்லியம் தோர்ப்பே லஞ்சம் வாங்கி மாட்டுனாரு, மரண தண்டனைன்னு தீர்ப்பு வந்துச்சு, அப்புறம் மன்னிப்பு கிடைச்சு 1352லயே கஜானா கோர்ட்டுல நீதிபதியா வந்து உக்காந்துட்டாரு. இதைத் தெரிஞ்சுட்டு லாங்லண்டைப் படிச்சா அவர் கற்பனை பண்ணலன்னு புரியும்.

1376ல கூடுன பாராளுமன்றத்துக்கு நல்ல பாராளுமன்றம்னே பேரு. ராஜாவோட ஆசைநாயகி ஆலிஸ் பெரர்ஸ், அமைச்சர் லேட்டிமர், லண்டன் வியாபாரி ரிச்சர்ட் லயன்ஸ் எல்லாரையும் ஊழல்னு இழுத்துப் போட்டாங்க, கொஞ்ச மாசத்துலயே ராஜாவோட பையன் ஜான் ஆஃப் காண்ட் அதையெல்லாம் கவுத்துட்டாரு. லேடி மீட்னா ஆலிஸ் பெரர்ஸ்தான்னு நிறைய பேர் சொல்லுவாங்க. ஜாடை இருக்கலாம், மறுக்கல. ஆனா மீட் ஏ பிரதிலயே வந்துட்டா, அந்தப் பிரதி இந்தப் பாராளுமன்றத்துக்கு முன்னாடின்னுதான் பொதுவா கணக்கு வெக்கறாங்க. ஒரே ஒரு பொம்பளை மேல பழியைப் போட்டுட்டா கூட இருந்த ஷெரிஃப், நீதிபதி, சாமியார் எல்லாரும் தப்பிச்சிடுவாங்க, அதனால எனக்கு அந்த விளக்கம் பிடிக்காது.

முன்னுரையை வேகமாப் புரட்டுங்க, எலிக் கூட்டத்துல மட்டும் நில்லுங்க

கனவு காண்றவன் பேரு வில். மால்வெர்ன் மலைப் பக்கம் ஓடைக் கரையில தூங்கிப் போறான். ஒரு பக்கம் மேட்டுல கோபுரம், எதிர்ல பள்ளத்துல கோட்டை, நடுவுல மைதானம் பூரா மக்கள், உழறவன், விக்கறவன், பிச்சை எடுக்கறவன், பாவமன்னிப்புச் சீட்டு விக்கறவன், வக்கீல். வக்கீலைப் பத்தி ஒரு வரி, மால்வெர்ன் மலைப் பனிமூட்டத்தைக் கூட அளந்துடலாமாம், காசைக் காட்டாம அவங்க வாயில இருந்து ஒரு முனகலைக் கூட வாங்க முடியாதாம்.

அப்புறம் எலிங்க கூடுது. பூனைக்கு யார் மணி கட்டறதுங்கற நமக்குத் தெரிஞ்ச அதே கதைதான். யாருக்கும் தைரியம் இல்லன்னு ஆனப்புறம் சின்ன சுண்டெலி ஒண்ணு எழுந்து பேசுது பாருங்க, அதைத்தான் கவனிக்கணும். இந்தப் பூனையைக் கொன்னாலும் இன்னொண்ணு வரும், பூனையே இல்லன்னா நாம சும்மா இருப்போமா, நாமளே ஊர்க்காரன் தானியத்தைத் தின்னு தீத்துடுவோம், அதனால விட்டுடுங்கன்னு சொல்லுது. இது ஞானமா, பயந்தாங்கொள்ளித்தனமா? லாங்லண்ட் சொல்ல மாட்டாரு, கனவுக்கு அர்த்தம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லன்னு வில் நழுவிடறான். மேல இருக்கறவன் கெட்டவன், கீழ இருக்கறவன் நல்லவன்னு ஒரு கணக்கோட வந்திருந்தா இங்கயே அதைக் கழட்டி வெச்சுட்டு வழக்குக்குப் போங்க.

ஒரு நோட்டுல ரெண்டு பத்தி போடுங்க

இதுதான் நான் சொல்ற முக்கியமான வேலை. இடது பக்கம் மீட் கிட்ட யார் யார் வாங்கறாங்கன்னு எழுதுங்க, வலது பக்கம் அதுக்குப் பதிலா என்ன குடுக்கறாங்க, யார் வயித்துல அடி விழுதுன்னு எழுதுங்க. யார் ஒழுக்கமானவன் யார் பாவின்னு தேடிட்டுப் படிச்சா மூணு பகுதியும் பிரசங்கமாத் தெரியும். காசு எந்தக் கையில இருந்து எந்தக் கைக்குப் போகுதுன்னு பாத்துட்டுப் படிச்சா கோர்ட் கதையாத் தெரியும்.

2வது பகுதில மீட் வர்றா. கிரீடம், ஓரத்துல மென்மயிர் வெச்ச உடுப்பு, விரல் பூரா மோதிரம், மாணிக்கம் நீலம்னு, பாத்த வில்லே சொக்கிப் போறான். நல்லா கவனிங்க, முதல்ல மயங்கறது கதை சொல்றவன்தான். பொய்ங்கற ஆளுக்கு அவளைக் கட்டிக்குடுக்க ஏற்பாடு நடக்குது, முகஸ்துதி தரகு வேலை பாக்குது. சீதனப் பத்திரம் எழுதறாங்க, அதுல பொறாமைச் சீமை, பேராசை மாவட்டம்னு நிலமா எழுதி வெக்கறாங்க. சாட்சிக் கையெழுத்துல முதல் ஆள் அநியாயம், பின்னாடி பாவமன்னிப்புச் சீட்டு விக்கற ஒருத்தன், பக்கிங்ஹாம்ஷயர்ல இருந்து ஒரு கோர்ட் சேவகன், ரட்லண்ட்ல இருந்து ஒரு பண்ணை மேஸ்திரி, ஒரு மில்லுக்காரன். பெரிய பிரபு ஒருத்தரும் இல்ல பாருங்க, தினமும் ஜனங்க நேர்ல பாக்கற ஆளுங்கதான். இதெல்லாம் நோட்டுல ஏறணும்.

இறையியல்ங்கற ஆள் வந்து இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு தடுக்கறாரு, லண்டனுக்குப் போய் சட்டம் ஒத்துக்குதான்னு பாருங்கன்னு சொல்றாரு. உடனே முகஸ்துதி தங்கக் காசை இறக்குது, பத்திரம் எழுதறவங்களுக்கும் பொய்ச் சாட்சிகளுக்கும் பங்கு போகுது, எல்லாரும் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கிளம்பறாங்க. ஏற குதிரை வேணுமே? புதுசா லாடம் அடிச்ச ஒரு ஷெரிஃப் மேல மீட்டை ஏத்தி உக்கார வெக்கறாங்க. பொய் ஒரு ஜூரி ஆள் மேல ஏறிக்கறான், அது அலுங்காம மெத்துமெத்துன்னு ஓடுது. பொய்யன்ங்கற இன்னொரு ஆளை நீளமான வண்டியா ஆக்கி மிச்ச கும்பலை அதுல அள்ளிப் போட்டு, சர்ச் கோர்ட் அதிகாரியை இழுக்க விடறாங்க. அதிகாரி லஞ்சம் வாங்கறான்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிருக்கலாம், இந்தாளு அதிகாரிக்கே லாடம் அடிச்சு முதுகுல சேணம் போட்டுட்டாரு. இந்த ஊர்வலத்தை ரெண்டு தடவை படிங்க, அவசரமே இல்ல.

உண்மைங்கறவர் இவங்களைப் பாத்தாரு, அதிகம் பேசல, குதிரையைத் தட்டிவிட்டு முன்னாடி போய் மனசாட்சி கிட்ட சொல்ல, மனசாட்சி ராஜா கிட்ட சொல்ல, பிடிங்கடான்னு உத்தரவு வருது. ஆனா கதவுகிட்ட நின்ன பயம் அதைக் கேட்டுட்டுப் போய் எச்சரிச்சுடுது, கும்பல் சிதறுது. பொய் சாமியாருங்க கிட்ட ஓடறான், வஞ்சனையை வியாபாரிங்க கடைக்குள்ள இழுத்து வேலைக்கு வெச்சுக்கறாங்க, பொய்யனை சீட்டு விக்கறவங்க குளிப்பாட்டித் துணி மாத்தி விடறாங்க. நிக்கறது மீட் மட்டும், அழுதுட்டு.

3வது பகுதி, இங்கதான் கொஞ்சம் பொறுமை வேணும்

பிடிச்சுட்டு வந்தவளை ராஜா சௌகரியமா வைங்கன்னு சொல்றாரு. உடனே நீதிபதிங்க சிலர் அவ அறைக்கே ஆறுதல் சொல்லப் போறாங்க, கவலைப்படாதீங்க ராஜாவை நாங்க பாத்துக்கறோம்னு. தங்கக் கோப்பை, வெள்ளிக் கோப்பை, மாணிக்க மோதிரம் கைமாறுது. அப்புறம் பிச்சையெடுத்து வாழறதா சபதம் எடுத்த ஃப்ரையர் சாமியார் ஒருத்தர் பாவசங்கீர்த்தனம் கேக்க வர்றாரு, எத்தனை பேர் கூட நீ இருந்திருந்தாலும் சரி, ஒரு பொதி கோதுமைக்கு மன்னிச்சு விடறேன், உனக்காக மனசாட்சியைக் கவுக்கவும் ஆள் பிடிக்கறேங்கறாரு. அதோட நிக்கல. எங்க மடத்துல ஒரு ஜன்னல் வேலை நடக்குது, செலவு இழுக்குது, கண்ணாடி போட்டுக் குடுத்தா உன் பேரை அதுல பொறிச்சு வெக்கறோம், சொர்க்கம் உறுதிங்கறாரு. அவளும் சரிங்கறா, பதிலுக்கு காம விஷயத்துல மாட்டற பிரபுக்களையும் சீமாட்டிகளையும் கொஞ்சம் லேசா நடத்துங்கன்னு கேட்டுக்கறா. நோட்டுல இந்தச் சாமியாருக்குக் கீழ ஒரு கோடு போட்டு வைங்க, பின்னாடி தேவைப்படும்.

நடுவுல கவிஞர் கதையை நிறுத்திட்டு மேயர்களைப் பாத்துப் பேசறாரு. பீர் காய்ச்சறவன், ரொட்டிக்காரன், கசாப்புக்காரன், சமையல் கடைக்காரன் இவங்களைத் தண்டிங்க, சில்லறையா வாங்கித் திங்கற ஏழைக்கு அதிகக் கெடுதல் பண்றது இவங்கதான்னு. சும்மா ஒதுக்கிட்டுப் போயிடாதீங்க, நோட்டோட வலது பத்திக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது.

ராஜா வந்து, மன்னிச்சுடறேன், மனசாட்சியைக் கட்டிக்கோங்கறாரு. அவ சரிங்கறா, மனசாட்சி முடியாதுங்குது. அதுக்கப்புறம் நடக்கறது பட்டிமன்றம். மனசாட்சி சொல்ற குற்றச்சாட்டுங்க பலமா இருக்கும், ஜெயிலருக்குக் காசு குடுத்து அயோக்கியனை அவுத்து விடறா, நிரபராதியைத் தூக்குல போடறா, இவ இருக்கற வரைக்கும் ஏழை வழக்கு நடத்தவே முடியாது, சட்டம் பெரிய துரை மாதிரி நடந்துக்குது, வழக்கை முடிக்க அதுக்கு மனசே வராதுன்னு. ஆனா மீட் பதிலைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க. மனசாட்சி, நீயும் என் பக்கம் தொங்கினவன்தானே, என் தங்கத்தைத் தொட்டவன்தானே, நார்மண்டி சண்டைல குளிருக்குப் பயந்து ஒளிஞ்சவன் நீ, ஏழைங்களோட பித்தளைச் சாமானைத் தூக்கி முதுகுல சுமந்து பிரான்ஸ்ல இருக்கற கலே ஊர்ல விக்கப் போனவன் நீன்னு போட்டு வாங்கறா. ராஜா ஆளுங்களுக்கு எதுவும் குடுக்கலன்னா யார் கூட நிப்பா, வேலைக்காரன் வாங்கறான், பாட்டுக்காரன் வாங்கறான், வாத்தியார் வாங்கறாரு, பூசை வெக்கற பாதிரியார் வாங்கறாருன்னு அடுக்கறா. கேட்டுட்டு ராஜா, சத்தியமா மீட்தான் ஜெயிச்சான்னு சொல்லிடறாரு! படிக்கற நமக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தோணும். தோணணும்னுதான் எழுதியிருக்காரு.

மனசாட்சியோட மறுப்பு இந்த இடத்துல கணக்கு மாதிரி துல்லியமா இருக்கும். செஞ்ச வேலைக்கு அளவா வாங்கற கூலி வேற, வியாபாரத்துல பொருளுக்குப் பொருள் மாத்திக்கறது வேற, அளவே இல்லாம அதிகாரத்தைத் தப்பு வழில திருப்பறதுக்குக் குடுக்கறது வேற. கூலியை ஏத்தாதேன்னு சட்டம் போட்ட காலத்துல, கூலிக்காரன் வாங்கறது லஞ்சமே இல்ல நியாயமான சம்பளம்னு ஒரு கவிதை சொல்லுதுன்னா அது சின்ன விஷயமா?

கோவத்துல மீட் பைபிள்ல இருந்து ஒரு லத்தீன் வரியை எடுத்து விடறா, நீதிமொழிகள் 22வது அதிகாரம், வெகுமதி குடுக்கறவன் மரியாதை பெறுவான்னு. மனசாட்சி ஆமா வரி சரிதான், ஆனா நீ பாதியோட நிறுத்திட்ட, வாங்கறவனோட ஆத்துமாவை அது பறிச்சிடும்னு மிச்சம் இருக்கேங்குது. எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கற வரியை மட்டும் படிச்சு குஷியான ஒரு அம்மா, பக்கத்தைத் திருப்பியிருந்தா நல்லதை மட்டும் வெச்சுக்கோங்கற மிச்சத்தையும் பாத்திருப்பாங்கன்னு ஒரு கதையும் சொல்லுது. சாஸ்திரத்தைப் பாதி மேற்கோள் காட்டறதும் மீட் வாங்கி வெச்சிருக்கற சாமான்ல ஒண்ணுதான், நோட்டுல சேத்துக்கோங்க.

4வது பகுதி: சமாதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க

ராஜா, அவளை முத்தம் குடுத்து சமரசமாப் போங்கறாரு, மனசாட்சி புத்தி வந்து சொன்னாத்தான்னு ஒத்தைக் கால்ல நிக்குது. புத்தி வர்ற குதிரைக்குப் பேரே, எனக்கு நேரம் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ. வழியில வாரன் விஸ்டம்னு ஒரு வக்கீல், விட்டினு இன்னொருத்தர், ரெண்டு பேரும் காரியம் ஆகணும்னு பின்னாடியே ஒட்டிக்கறாங்க. புத்தி கண்டுக்கல.

இப்ப சபைக்குள்ள சமாதானம்ங்கற ஆள் மனுவோட வர்றான், மண்டை உடைஞ்சு ரத்தம் வழியுது. அநியாயம் என் பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான், ரோஸ்ங்கற பொண்ணைக் கெடுத்தான், மார்கரெட்டையும் விடல, என் வாத்தையும் பன்னிக்குட்டியையும் பிடிச்சுட்டுப் போனான், கேட்டா அடிப்பான்னு பயம், குதிரையை இரவல் வாங்கிட்டுப் போனவன் திருப்பித் தரவே இல்ல, கோதுமையை அள்ளிட்டு வெறும் குச்சி ஒண்ணைக் கையில குடுத்துட்டான்னு சொல்றான். இந்தக் குச்சி என்னன்னா, வெட்டு போட்டு ரெண்டாப் பிளந்து ஆளுக்குப் பாதி வெச்சுக்கற கடன் ரசீது, ராஜா வீட்டுக்குன்னு தானியம் எடுக்கற அதிகாரிங்க இப்படித்தான் குடுத்துட்டுப் போவாங்க, காசு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ஜனங்க காறித் துப்பறாங்கன்னு 1362ல சட்டம் போட்டு, அந்த அதிகாரிங்களோட பதவிப் பேரையே வாங்கறவர்னு மாத்தினாங்க, காசை அப்பவே குடுக்கணும்னும் சொன்னாங்க.

அநியாயம் பயந்து வக்கீலுங்களைப் பிடிக்கறான், அவங்க மீட்டைப் பிடிக்கறாங்க. மீட் நேரா சமாதானத்து கிட்ட போய், இந்தா சொக்கத் தங்கம், உன் காயத்துக்கு வெச்சுக்கோ, இனிமே அவன் பண்ண மாட்டான், நான் ஜாமீன்ங்கறா. பண்ணின குத்தம் எல்லாம் அப்படியே இருக்கு, பொண்டாட்டி திரும்பி வரல, ரோஸுக்கும் மார்கரெட்டுக்கும் இந்தத் தங்கத்துல ஒரு துளி கிடையாது, அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஆனா சமாதானம் உடனே ராஜா கால்ல விழுந்து, அவனை விட்டுடுங்க, எனக்கு நல்லாவே ஈடு குடுத்துட்டான், இதுக்கு மேல நான் கேக்க ஒண்ணும் இல்லங்கறான்.

மொத்த வழக்குலயும் நான் திரும்பித் திரும்பிப் படிக்கற இடம் இதுதான். நீதிபதி விலை போறதைப் பாத்து நமக்கு ஆச்சரியம் வர்றதில்ல, அடிபட்டவனே அடிச்சவனுக்காக மன்றாடறான் பாருங்க, அங்கதான் பணம் பாதாளம் வரைக்கும் பாயும்ங்கறதுக்கு முழு அர்த்தம் தெரியுது. அவனைத் திட்டவும் முடியல. அவன் கையில இருந்தது வெறும் குச்சி, அநியாயத்தை நிமிந்து பாக்கவே தைரியம் இல்லன்னு அவனே சொல்லிட்டான், முதல் தடவையா நிஜமான தங்கம் கைக்கு வந்திருக்கு. நோட்டுல அவன் பேரை எந்தப் பத்தில எழுதுவீங்க? ரெண்டு பக்கமும் எழுதுங்க.

ராஜா இந்தத் தடவை மசியல. இவ்வளவு லேசாத் தப்பிச்சா சிரிப்பான், அடுத்த தடவை இன்னும் தைரியமா என் ஆளுங்களை அடிப்பான்னு சொல்லிடறாரு. புத்தியும் இரக்கம் காட்ட மறுக்குது, பிரபுக்கள் உண்மையை நேசிக்கற வரைக்கும், பிஷப் குதிரைக்குச் செலவாகறது பிச்சைக்காரனுக்கு இடமா மாறுற வரைக்கும் என்கிட்ட கருணை கேக்காதீங்கன்னு ஒரு பட்டியல் போடுது. இந்தப் பட்டியலை வேகமாப் படிச்சுட்டுப் போகலாம். சபையே கைதட்டுது, மீட்டை வேசின்னு ஏசுது. அவளால லாபம் பாத்தவங்களே ஏசறாங்கங்கறதை நோட்டு வெச்சிருக்கறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. கூட்டத்துல ஒரு ஷெரிஃபோட குமாஸ்தா மட்டும், கோர்ட்டுல உங்களுக்கு எத்தனை தடவை உதவி பண்ணியிருக்கேன், ஒரு கோரைப்புல் அளவுக்காவது குடுத்தீங்களான்னு எல்லாரையும் சபிக்கறான். லஞ்சம் வாங்குனதுல அவனுக்கு வருத்தமே இல்ல, பங்கு வரலங்கறதுதான் வருத்தம்.

கடைசில ராஜா புத்தியைக் கூடவே இருந்துடுன்னு கேக்க, மனசாட்சியும் ஆலோசகரா இருந்தா சரின்னு புத்தி ஒத்துக்குது. வழக்கு முடிஞ்சது.

அடுத்து என்ன படிக்கறது

5வது பகுதில ஏழு பாவங்களும் வரிசையா வந்து ஒப்புக்கொள்ளும், அதுல பெருந்தீனி சர்ச்சுக்குக் கிளம்பி வழியில சாராயக் கடைல உக்காந்துடற இடம் நல்ல காமெடி. அங்கயே பியர்ஸும் வந்துடுவான், 6ல அவன் அரை ஏக்கர் நிலத்தை உழ எல்லாரையும் வேலைக்கு வெக்கறான், பசியைக் கூப்பிட்டு சோம்பேறிங்களை விரட்டறான். 1381ல உழவர் கலகம் வந்தப்போ ஜான் பால்ங்கற கலகக்காரப் பாதிரியார் பேர்ல சுத்துன கடுதாசிலயே இந்த பியர்ஸ் பேரு வருது, அதனால 6ஐ விட்டுடாதீங்க. 8ல இருந்து 15 வரைக்கும் தத்துவ விசாரம் அதிகம், மூச்சு வாங்கும், இப்பத்திக்குத் தாண்டிடலாம்.

நேரா கடைசி 20வது பகுதிக்குப் போங்க. மனசாட்சி இப்ப ஒரு கோட்டையைக் காவல் காக்குது, உள்ள காயம்பட்டவங்க, வைத்தியம் வலிக்குதுன்னு முனகறாங்க, நோகாம மருந்து போட ஒருத்தர் இருக்காராம் கூப்பிடுங்கங்கறாங்க. வர்றது ஒரு ஃப்ரையர் சாமியார், முகஸ்துதின்னு பேரு, கொஞ்சம் காசு வாங்கிட்டு இதமா மன்னிச்சு விடறாரு. வாசக்காவல் தடுக்கத்தான் தடுத்தான், உள்ள விடச் சொன்னது மனசாட்சியேதான். 3வது பகுதில நீங்க கோடு போட்டு வெச்ச சாமியாரை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அதே தொழில்தான். ராஜா சபைல ஜெயிச்ச மனசாட்சி இங்க கோட்டையை விட்டுட்டு பியர்ஸைத் தேடிக் கிளம்பிடுது, வில் முழிச்சுக்கறான்.